லாரிக்குச் சுழி பார்த்த வரலாறு

பவானி ஆற்றங்கரையில் அமைந்த அத்தாணி என்னும் ஊரில் பிறந்தவனும், காலஞ்சென்ற பொங்கியண்ணனின் இரண்டாம் மகனும், குதிரைக்குச் சுழி பார்ப்பதில் கொங்கு நாட்டுச் சந்தைகள் அனைத்திலும் முதற்சொல்லுக்கு உரியவன் எனப் பெயர் பெற்றவனும் ஆகிய பொ. இராக்கியண்ணன் என்னும் நான், எழுபத்தெட்டு வயது நிறைந்து எழுபத்தொன்பது நடக்கின்ற இந்நாளில், கண்ணும் கையும் என் சொற்படி கேட்கும்போதே, உரோமம் முளைத்த லாரியைப் பற்றிய உள்ளபடியான வரலாற்றை எழுதி வைக்கத் துணிந்தேன். சந்தைக்கு வருவோர் இதைப் பலவாறு சொல்கிறார்கள். அந்த லாரி கனைத்தது என்கிறார்கள், கனைக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் புல் தின்றது என்கிறார்கள், அதுவும் இல்லை. நடந்தது எதுவோ அதுவே போதுமான அளவுக்குப் பெரிது. அதற்கு மேல் ஒரு பிடி கூட நான் சேர்க்க மாட்டேன்.

சுழி இன்னதென்று அறியாதவர்க்கு முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரையின் உடம்பில் உரோமம் ஒரே திசையாகப் படிந்து வருகையில், ஆற்று நீர் பாறையருகே தன்னைத் தானே சுற்றிக்கொள்வது போல, ஏதேனும் ஓரிடத்தில் வட்டமிட்டு நின்றுவிடும். அதுவே சுழி. நெற்றி நடுவில் நின்றால் அது இராசசுழி. உடையவன் வீடு விளங்கும். முன்னங்காலில் நின்றால் விலங்குச் சுழி, உடையவன் சிறைப்படுவான். பின்புறத்தில், வாலடிக்கு இடப்பக்கமாக நின்றால் அதற்குப் பெண்டிழந்தான் சுழி என்று பெயர். அக்குதிரைக்கு எவன் உடையவனோ அவன் தன் மனைவியைச் சாவுக்குக் கொடுப்பான். நான் வேண்டாமென்று கையெடுத்த குதிரையை அந்தியூர்ச் சந்தையில் அதற்குப் பின் எவரும் தொட்டதில்லை. ஒருமுறை சொன்ன சொல்லை நான் திருப்பி வாங்கியதும் இல்லை.

எனக்கு ஒரே மகள். பெயர் மயிலாத்தாள். அவளை உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் திருமூர்த்தி என்பவருக்குக் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குத் தொழில், கலியாண ஊர்வலங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மேளத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரை வைத்திருப்பது. அக்குதிரையின் பெயர் கொலுசு. பெட்டைக் குதிரை, பாலில் குங்குமப்பூ கரைத்த நிறம், தவில் அடி தொடங்குவதற்கு முன்பே அதன் முன்னங்கால்கள் அடியை அறிந்துகொள்ளும். ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மயிலாத்தாள் கண்ணில் படாவிட்டால் கொள்ளும் தின்னாது, தண்ணீரும் குடிக்காது. வாடகை லாரியில், செங்கல் ஏற்றிய தூசியும் வெங்காயச் சருகும் மிதிபடும் தளத்தில், குதிரையோடு ஒரு பெண்ணும் நின்றுகொண்டு ஊர் ஊராகப் போவது எங்ஙனம்? ஆகையால் மாப்பிள்ளை மட்டும் போவார். குதிரை பட்டினியாய் ஆடிவிட்டுத் திரும்பும். கடைசியாக ஒரு பங்குனியில், மணல் ஏற்றும் லாரி ஒன்றின் வழுக்குத் தளத்தில் விழுந்து இரு முழங்கால்களிலும் தோல் உரிந்து வந்தது. அன்றைக்கு மயிலாத்தாள் குதிரையின் காலருகே உட்கார்ந்து, மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

"இனிமே இது போறதுன்னா நானும் போவன். இல்லீன்னா இதும் போகாது."

ஆகவே குதிரையும் குடும்பமும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் தங்குவதற்கு ஏற்ற, உள்ளே குடியிருக்க அறை கட்டிய சிறு லாரி ஒன்றைத் தேர்ந்தெடுப்பதென்றும், அந்தியூர் ஆடிச் சந்தை முடிவதற்குள் அப்படி ஒன்று அமையாவிட்டால் கொலுசை விற்றுவிடுவதென்றும் அவர்கள் தீர்மானித்தார்கள். வாங்குவதற்கு ஆளும் காத்திருந்தார். உதகையில் விடுதி நடத்தும் ஒருவர்; குதிரை மேல் விருந்தினரை உட்கார வைத்துப் புல்வெளியைச் சுற்றி வந்து படம் பிடித்துக் கொடுப்பது அவர் வழக்கம். சந்தையின் கடைசி நாள் பொழுது சாய்வதற்குள் தன் வண்டி மலையேற வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மேளம் கேளாத புல்வெளியில், மயிலாத்தாளைக் காணாமல் கொலுசு எத்தனை காலம் உயிர் வைத்திருக்கும் என்பதை எங்களில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தியூர்ச் சந்தைக்கு அவ்வாண்டு குடியிருப்பு அறையுள்ள குதிரை லாரிகள் இரண்டே வந்திருந்தன.

முதலாவது ஓசூரிலிருந்து வந்த வெள்ளை லாரி. கண்ணைப் பறிக்கும் வண்ணப்பூச்சு. உள்ளே மடக்குக் கட்டில், மின்விசிறி, கை கழுவும் தொட்டி, ஆளுயரக் கண்ணாடி. மாப்பிள்ளை அதன் தொட்டிக் குழாயைத் திறந்து திறந்து மூடினார்.

"மாமா, பாத்தீங்களா? எங்கூட்டுல கூட இத்தனை இல்லீங்க."

"மனுசருக்கு இருக்கறது தெரியுதுங்க மாப்பிள்ளை. குதிரைக்கு என்ன இருக்குது?"

குதிரைக்கு இருந்தது ஓர் இரும்புச் சுவர். அறைக்கும் கொட்டடிக்கும் நடுவே, எறும்பு நுழையும் துளை கூட இல்லாமல் அடித்திருந்தார்கள். நாற்றம் வராது என்று விற்பவர் அதைப் பெருமையாகச் சொன்னார். கொலுசை ஏற்றிப் பார்த்தோம். மயிலாத்தாள் அறைக்குள் போனாள். அவள் மறைந்த மறுகணம் கொலுசு சுவரைப் பின்னங்காலால் உதைத்த ஓசை சந்தை முழுவதும் கேட்டது. வைத்த கொள்ளை முகர்ந்து கூடப் பார்க்கவில்லை. அந்த லாரியைச் சுற்றி வந்து நான் தடவினேன். வழுவழுவென்ற வெற்றுத் தகடு. நல்லது என்றும் சொல்ல வழியில்லை, கெட்டது என்றும் சொல்ல வழியில்லை. இறக்கிவிட்டோம்.

இரண்டாவது, தாராபுரத்துச் சென்னியப்பன் கொண்டுவந்த லாரி. அதற்கு உரோமம் முளைத்திருந்தது.

புளியங்கொட்டை நிறம், நகத்தளவு நீளம், ஓட்டுநர் அறையிலிருந்து பின்வாசல் வரை சீராகப் படிந்து, வெயில் பட்ட இடத்தில் எண்ணெய் தேய்த்தது போல மின்னியது. சக்கரமும் கண்ணாடியும் மட்டுமே வெறுமையாக இருந்தன. கூரையின் நடுவே தலையிலிருந்து வால் வரை கரும்பட்டை ஒன்று ஓடிற்று. மழை பெய்தால் உரோமம் ஒட்டிக்கொண்டு, நனைந்த குதிரையின் வாடை அடிக்கும் என்றும், பங்குனியில் உதிர்ந்து சித்திரையில் புதிதாக வரும் என்றும் சென்னியப்பன் சொன்னார். சந்தைக்கு வந்தவர்கள் குதிரைக்காரர்கள் ஆதலால் எவரும் ஏன் முளைத்தது என்று கேட்கவில்லை. முளைத்ததை எப்படிப் பராமரிப்பது என்றே கேட்டார்கள்.

"தீவனம் என்ன வெக்கிறீங்க?"

"டீசல்தானுங்க."

"அதுக்கா இத்தனை மினுமினுப்பு? கூட ஏதோ வெக்கிறீங்க, சொல்லமாட்டீங்கிறீங்க."

நுழைவாயிலில் சீட்டுக் கொடுப்பவர் இதை வண்டியில் சேர்ப்பதா கால்நடையில் சேர்ப்பதா என்று திகைத்து, கடைசியில் இரண்டு சீட்டையும் கிழித்துக் கொடுத்தார். கால்நடை மருத்துவர் தம் குழலை அதன் விலாவில் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, இதயம் கேட்கவில்லை, ஆனால் சளியும் இல்லை என்றார். காக்கைகள் எருமை முதுகில் உட்காருவது போலக் கூரையில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கின. கழுத்துக் கயிறு விற்பவர்கள் அதன் அளவுக்கு ஒரு மணிக்கயிறு முறுக்க முன்வந்தார்கள். யானை முடி மோதிரம் போல இதன் முடியிலும் மோதிரம் செய்தால் பயம் நீங்கும் என்று யாரோ சொல்லிவிட, பிடுங்க வருவோரை விரட்டுவதே சென்னியப்பனுக்கு வேலையாகிவிட்டது. பக்கத்தில் தேநீர்க் கடை போட்டிருந்த பாவாயி மட்டும், "உங்க வண்டியத் தெக்க தள்ளி நிறுத்துங்க சாமி, காத்தடிச்சா டம்ளர்ல முடி உளுகுது" என்று குறைப்பட்டாள். இப்படியாக, மதியத்துக்குள் அந்த அதிசயம் சந்தையில் ஓர் அண்டை வீட்டுக்காரர் போல ஆகிவிட்டது.

அதன் உள்ளமைப்பு எனக்குப் பிடித்திருந்ததை மறைக்க மாட்டேன். குதிரைக் கொட்டடி ஓட்டுநர் அறைக்குப் பின்னே இருந்தது. ஏறும் பலகை பக்கவாட்டில், சரிவு மிதமாக. தளத்தில் ரப்பர் விரிப்பு, மூத்திரம் வடிய வாய்க்கால். அதற்கும் பின்னே குடியிருக்கும் அறை. அதன் வாசல் லாரியின் பின்புறம், படிக்கட்டு வைத்து. அறைக்கும் கொட்டடிக்கும் நடுவே இடுப்பளவு மரத்தடுப்பு மட்டுமே. கட்டில், அடுப்பு, தண்ணீர் டிரம், விறகுக் கட்டை வைக்கும் மூலை. சுவரில் மாட்டிய சிறு கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டுப்பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. இரவு கழற்றி ஒட்டி, காலையில் எடுத்து வைக்கும் பெண் ஒருத்தி அங்கே வாழ்ந்திருக்கிறாள் என்பது அவற்றால் தெரிந்தது.

கொலுசை ஏற்றினோம். யாரும் தட்டவில்லை, இழுக்கவில்லை, அதுவாக ஏறியது. ஏறி, மரத்தடுப்பின் மேலே கழுத்தை நீட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்த மயிலாத்தாளின் மடியில் இருந்த கொள்ளைத் தின்னத் தொடங்கியது. என் மகள் என்னைப் பார்த்தாள். சிறு வயதில் ஊஞ்சலில் இருந்து பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"அப்பா, இதேதானுங்க."

"பொறு கண்ணு. இன்னும் பாக்கோணும்."

குதிரைக்குப் பார்ப்பது போலவே பார்த்தேன். ஓட்டுநர் அறையில் தொடங்கி, உரோமத்தை எதிர்த்தடவி, இரு விலாவும் பார்த்து, பின்புறம் வந்தேன். வாசலுக்கு இடப்பக்கத்தில், ஆள் தோளுயரத்தில் என் உள்ளங்கை நின்றது. அங்கே உரோமம் வட்டமிட்டிருந்தது. இடஞ்சுழி. ஒற்றை. ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று.

கையை எடுத்துக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தையில் என் கை நின்றால் பேச்சும் நிற்கும்.

தரகர் காளியண்ணன்தான் கேட்டார்: "என்னங்க பெரியவரே?"

"பெண்டிழந்தான்" என்றேன்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. நான் சென்னியப்பனைப் பார்த்துக் கேட்டேன்: "உம் பெஞ்சாதி எங்கப்பா?"

அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "போன வருசம் ஆனியில போயிட்டாளுங்க."

அதற்கு மேல் எவருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் சென்னியப்பன் எனக்கு மட்டுமன்றிக் கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார்: "பெரியவரே, ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அவ இருந்த மட்டும் இந்த வண்டியில ஒரு முடி கெடையாதுங்க. வெறுந்தகரம். தெனமும் குதிரையத் தேச்ச கையோட, அந்தப் பிரசுலயே வண்டியவும் நாலு இழுப்பு இழுத்துப்போட்டுத்தான் படுப்பா. அவ போன பதினாறாம் நாளு, நான் தலைய மழிச்சனுங்க. வண்டி முடி வளத்துச்சுங்க. சுழி வந்து அவ போகலீங்க. அவ போய்த்தான் சுழி வந்துது."

அவர் பொய் சொல்லும் மனிதர் அல்லர். ஆயினும் சுழிக்கு முன்பின் கிடையாது. மழைக்கு முன் மேகமா மேகத்துக்கு முன் காற்றா என்று கேட்டுக்கொண்டு நனையாமல் இருந்தவர் இல்லை.

மறுநாள் முழுவதும் சந்தையில் குதிரை விற்பனை மந்தமாகிவிட்டது. ஏனெனில் எல்லாரும் ஒரே வழக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கைத் தொடங்கிவைத்தவர் தரகர் காளியண்ணன்.

"பெரியவரே, பின்புறத்துல சுழின்னு சொல்றீங்க. இதுக்குப் பின்புறம் எதுங்க? வண்டின்னு பாத்தா இஞ்சின் இருக்கறது மொகம். ஊடுன்னு பாத்தா வாசல் இருக்கறதுதானே மொகம்? வாசலுக்குப் பக்கத்துல இருந்தா அது நெத்திங்க. நெத்தியில சுழி, இராசசுழியாச்சுங்களே!"

இந்தச் சொல் தீப்போலப் பரவியது. லாரிக்குத் தலை எது வால் எது என்று சந்தை இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் முன்னால் போகிறதோ அது தலை என்றனர் ஒரு சாரார். அப்படியானால் பின்னோக்கி ஓட்டும்போது என்ன செய்வீர்கள் என்றனர் மறு சாரார். புகை வருவது எங்கோ அங்கே வால் என்று லாடம் கட்டுபவர் ஒருவர் தீர்ப்புச் சொல்ல, குனிந்து பார்த்தால் புகைக்குழல் நடுவயிற்றில் பக்கவாட்டாக வெளிவந்திருந்தது. பாவாயி கரண்டியை நீட்டி, "ஈ ஒக்காந்தா எந்தப் பக்கம் வெரட்டுதுன்னு பாருங்க, அது வாலு" என்றாள். பார்த்தார்கள். ஈக்கள் எல்லாப் பக்கமும் உட்கார்ந்தன. லாரி எதையும் விரட்டவில்லை.

அன்று மாலை காளியண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "ஒரே ஒரு வார்த்தைங்க. வாசல்தான் மொகம்னு சொல்லிப்போடுங்க. நீங்க சொன்னா மறுபேச்சு இல்லை. உங்க புள்ளைக்கு வண்டி ஆச்சு, குதிரை தப்பிச்சுது, சென்னியப்பனுக்கு ஒரு வழி பொறந்துது."

உண்மையைச் சொல்கிறேன், என் நாக்கு நுனி வரை அது வந்தது. ஆனால் அந்தச் சுழியைத் தொட்ட கை என்னுடையது. அந்த லாரி சாலையில் போகையில் என் மகள் அதன் பின்பக்க அறையில் படுத்திருப்பாள். நான் நெற்றி என்று பெயர் சூட்டியதனால் பிட்டம் நெற்றி ஆகிவிடுமா?

"என் மகளுக்காகச் சுழியை நான் நகர்த்தமாட்டேன். என் மகள் என்பதனாலேயே நகர்த்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசி நாள் விடிந்தது. கொட்டகைகளைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். விற்ற குதிரைகள் போன தடங்களில் சாணம் காய்ந்து கிடந்தது. உதகைக்காரரின் வண்டி, கதவைத் திறந்து பலகையை இறக்கி, எங்கள் கொட்டகைக்கு எதிரிலேயே வந்து நின்றது. எங்கள் வழக்கப்படி, குதிரை கை மாறும்போது பழைய உடையவன் தன் கயிற்றைத் தானே கழற்ற வேண்டும்; புதியவன் தன் கயிற்றைக் கட்ட வேண்டும். உதகைக்காரரின் ஆள் புதுக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். நீல நைலான் கயிறு.

மயிலாத்தாள் மாப்பிள்ளையிடம் சொன்னாள்: "கழட்டாதீங்க."

"மயிலா, நான் என்ன பண்றது? வெள்ளை வண்டியில இது சோறு தின்னாது. இந்த வண்டிய வாங்கி…" மாப்பிள்ளை கொலுசின் பிடரியைத் தடவினார். "எனக்கு வண்டியும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். நீ இருந்தாப் போதும். கூலி வேலைக்குப் போறன்."

"நான் சாவன்னு ஆரு சொன்னா?"

"உங்கப்பாதான் சொன்னாரு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை குனிந்து கொலுசின் கழுத்துக் கயிற்றின் முடிச்சில் விரல் வைத்தார். கொலுசு தலையைத் திருப்பி, அவர் சட்டைப்பையை முகர்ந்தது. முடிச்சு ஒரு சுற்று இளகியது. அப்போது மயிலாத்தாள் என் எதிரே வந்து நின்றாள். அவள் நெற்றியில் வியர்வை இருந்தது.

"ஏனுங்கப்பா. அந்தச் சுழி ஆரைப் புடிக்கும்? தெளிவாச் சொல்லுங்க. நாலு பேரு கேக்கட்டும்."

"உடையவனைப் பிடிக்கும்."

"ஓட்டறவனையா?"

"இல்லை. உடையவனை."

"உள்ள படுத்துத் தூங்கறவளையா?"

"உடையவனை அம்மா. உடையவனுடைய பெண்டை."

"செரி. அந்த வண்டிய நான் வாங்கறன். எம்பேருல. எனக்குப் பொண்டாட்டி எங்கீங்கப்பா இருக்கறா, சாகறதுக்கு?"

சந்தையில் ஒரு குதிரை செருமியது. பிறகு பாவாயிதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைப் பலகை மேல் கையூன்றி, கண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் ஆண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தகப்பனார் சொன்ன பாடங்கள், தரகர்களிடம் கேட்ட பாடங்கள், அச்சில் வந்து நான் படித்த பாடங்கள் அனைத்தையும் உள்ளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உடையவன் இருந்தான். அவன் அரசனாக இருந்தான், வணிகனாக இருந்தான், சிறைப்பட்டான், செல்வம் சேர்த்தான், பெண்டை இழந்தான். ஒரு பாடத்தில் கூடக் குதிரைக்கு ஒரு பெண் உடையவளாக இருக்கவில்லை. பாடம் சொன்னவர்களுக்கு அது தோன்றவே இல்லை. எனக்கும் அந்தக் கணம் வரை தோன்றியதில்லை.

காளியண்ணன் மெல்லக் கேட்டார்: "அப்ப அது புருசனைப் புடிச்சுக்காதுங்களா?"

நியாயமான கேள்வி. மாப்பிள்ளையும் நிமிர்ந்தார்.

"துணையையே கொல்லும் சுழி வேறு உண்டு. அது அடிவயிற்றில் இருக்கும்" என்றேன். "அதை நான் பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த லாரியின் அடியில் மல்லாந்து நுழைந்தேன். எழுபதைக் கடந்தவன் லாரியின் கீழே படுத்திருப்பதைச் சந்தை முழுவதும் நின்று பார்த்தது. அடியில் இரும்பையெல்லாம் உரோமம் மூடியிருந்தது; மெல்லியது, குட்டியின் வயிற்று முடி போல. முகத்துக்கு மேலே விரலால் தடவிக்கொண்டு, அச்சிலிருந்து அச்சு வரை, முதுகால் ஊர்ந்து போனேன். புழுதி கண்ணில் விழுந்தது. ஓரிடத்தில் உரோமம் திரும்பியது. தடவிப் பார்த்தால் காய்ந்த சேறு. உதகைக்காரர் தன் ஆளிடம், நேரமாகிறது, என்று சொல்வது கேட்டது. கடைசி அச்சையும் கடந்து, பின்வாசலின் படிக்கட்டுக்குக் கீழே தலையை வெளியே நீட்டினேன். என் மகளின் பாதங்கள் அங்கே இருந்தன.

எழுந்து நின்றேன். "பின்புறத்தில் இருப்பது பெண்டிழந்தான் சுழிதான். சொன்ன சொல்லில் மாற்றம் இல்லை. வயிற்றில் சுழி இல்லை. இவள் உடையவள் ஆனால் இந்தச் சுழியால் ஒன்றும் செய்ய முடியாது."

இப்போது எஞ்சியது மாப்பிள்ளையின் சொல். எங்கள் பக்கத்தில் மனைவியின் வண்டியை ஓட்டுகிறவன் என்னும் பெயர் எளிதில் சுமக்கக் கூடியதன்று. அவர் கொலுசின் கழுத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு, இளகிய முடிச்சை இழுத்து இறுக்கினார்.

"அப்ப நான் உங்க வண்டிக்கு டிரைவருங்களா, மொதலாளியம்மா?"

"ஆமா."

"சம்பளமுங்க?"

"கொலுசுகிட்டக் கேளுங்க. அதுதான சம்பாரிக்குது."

கூட்டத்தில் இருந்த இறுக்கம் ஒரே மூச்சில் வெளியேறியது. யாரோ ஒருவர் மட்டும், "இன்னைக்குச் சனிக்கெழமை, இரும்பு வாங்கலாமுங்களா?" என்றார். "இரும்பு எங்கய்யா கண்ணுக்குத் தெரியுது?" என்று அவர் வாயைப் பாவாயி அடைத்தாள். உதகைக்காரரின் ஆள் நீலக் கயிற்றைச் சுருட்டினான்.

ஆனால் விலை பேசும் நேரத்தில் காளியண்ணன் பின்வாங்கினார். எங்கள் சந்தைகளில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் கையோடு கை சேர்த்து, விரல்களைப் பிடித்தும் மடக்கியும் பேசுவோம். துண்டுக்கு மேலே எவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டுக்கு அடியில் அன்று வரை ஒரு பெண்ணின் கை போனதில்லை.

"நான் புடிக்க மாட்டனுங்க. கோவிச்சுக்காதீங்க. மாப்பிள்ளை கையை வெக்கட்டும், பேரு வேணா அவங்களதா இருக்கட்டும்."

"கையை வைக்கிறவன் உடையவன்" என்றேன். "அப்படித்தானே சுழி கணக்குப் பார்க்கும்?"

சென்னியப்பன் முன்னே வந்து, தரகர் வேண்டாம் என்று சைகை காட்டி, தம் வலக்கையை நீட்டினார். மயிலாத்தாள் தன் கையை நீட்டினாள். நான் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, உதறி, இரு கைகளின் மேலும் போர்த்தினேன்.

வழக்கமாக அது நொடிப்பொழுதில் முடியும் காரியம். அன்று முடியவில்லை. துண்டு அசையவே இல்லை. சென்னியப்பன் விரலைப் பிடிக்காமல், கையை மட்டும் பற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். விலை படியாமல் கலங்கும் விற்பனையாளர்களை நான் நிறையக் கண்டவன். இது விலைக்காகக் கலங்கிய கலக்கம் அன்று. என் மகள் அவசரப்படவில்லை. பிறகு துண்டுக்கு அடியில் ஏதோ ஒரு விரல் மடங்கியது, ஏதோ ஒரு விரல் நிமிர்ந்தது. துண்டை எடுத்தேன். என்ன விலை என்று இன்று வரை இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொலுசு பக்கப் பலகையில் ஏறியது. மாப்பிள்ளை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். மயிலாத்தாள் பின்னால் போய், படியில் கால் வைத்து, ஏறுவதற்குப் பிடிமானமாகச் சுவரில் கையூன்றினாள். அவள் உள்ளங்கை பதிந்த இடம் அந்தச் சுழி. அளவெடுத்தது போல அதற்குள் பொருந்தியது.

என் அருகே நின்ற சென்னியப்பன் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அவளும் அங்கதானுங்க கை வெப்பா."

சுழி எப்படி வந்தது என்பதைச் சொல்வது என் தொழில் அன்று. எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வதே என் தொழில். லாரி நகர்ந்தது. தளர்ந்த வெயிலில் அதன் முதுகு உரோமம் காற்றில் ஒருமுறை சிலிர்த்து, தானே படிந்தது. தலையிலிருந்து வாலுக்குச் சிலிர்த்ததா, வாலிலிருந்து தலைக்குச் சிலிர்த்ததா என்று சந்தையில் இன்றும் சண்டையிடுகிறார்கள்.

என் மகள் இன்று எந்த ஊர்த் திருவிழாவில் நிற்கிறாளோ அறியேன். தொலைபேசியில் பேசும்போது பின்னால் கொலுசு கொள்ளு மெல்லும் ஓசை கேட்கிறது, அது எனக்குப் போதும். இந்த விவகாரம் தீர்ந்தது விகாரி ஆண்டு, ஆடி மாதம் இருபத்தைந்தாம் நாள், இரும்பு வாங்கலாகாத சனிக்கிழமை, பொழுது சாய்வதற்குச் சற்று முன்பு.